குழந்தை தூங்க மறுக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

"என்னென்னவோ செய்து பார்த்துவிட்டோம், தூங்கவே மாட்டேன் என்கிறான்" என்று சொல்கிற பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, காலையில் அவன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்பதைத்தான். "அது ஒவ்வொரு நாளைக்கும் ஒரு மாதிரி" என்று பதில் வந்தால், பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்குத் தலைகாட்டும் சிக்கல் பெரும்பாலும் பகலில் உருவானது. அதைப் படுக்கையறையில் நின்றுகொண்டு சரிசெய்யப் பார்ப்பதால்தான் வீடே களைத்துப்போகிறது.

கீழே வரும் தலைப்புகள் அறிகுறிகள். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எல்லோருக்கும்: திருத்துவதற்கு முன் ஒரு வாரம் எழுதுங்கள்

ஒரு தாளில் ஏழு நாளுக்குக் கட்டம் போடுங்கள். காலையில் எழுந்த நேரம், பகல் தூக்கம் தொடங்கிய, முடிந்த நேரம், விளக்கை அணைத்த நேரம், உண்மையில் கண்ணயர்ந்த நேரம், இரவில் விழித்த நேரங்கள், ஒவ்வொரு விழிப்பின்போதும் நீங்கள் செய்தது. கடைசி விவரத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள், அதுதான் மிக முக்கியம். "2.10 அழுதாள், தோளில் போட்டு நடந்தேன், 2.35 தூங்கினாள்" என்று ஒரு வரி போதும். நாலு இரவு அதே வரி வந்தால் காரணம் தாளிலேயே தெரியும்.

வார முடிவில், பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை இது: 4 முதல் 12 மாதம் வரை 12–16 மணி நேரம், 1–2 வயதில் 11–14, 3–5 வயதில் 10–13, 6–12 வயதில் 9–12, 13–18 வயதில் 8–10.

இந்த அளவுகள் எவ்வளவு அகலமானவை என்பதைக் கவனியுங்கள். நான்கு வயதில் ஒரு குழந்தைக்குப் பத்து மணி நேரம் போதும். அதே வயதுள்ள இன்னொன்றுக்குப் பன்னிரண்டு வேண்டும். இரண்டும் இயல்புதான். பத்து போதும் என்கிற குழந்தையை எட்டு மணிக்குப் படுக்கவைத்து ஏழு மணி வரை தூங்கச் சொன்னால், அந்த உபரி ஒரு மணி நேரம் எங்காவது வெளிவந்தே தீரும். படுத்ததும் புரளும், இல்லாவிட்டால் நடு இரவில் எழுந்து பேசிக்கொண்டிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் விடியுமுன் எழுந்துவிடும். தூக்கம் போதுகிறதா என்பதைப் பகல்தான் சொல்லும். காலையில் பெரிதாக உலுக்காமல் எழுகிறதா, வண்டியில் ஏறிய ஐந்து நிமிடத்தில் தலை சாய்கிறதா, மாலையானால் சின்ன விஷயத்துக்கெல்லாம் உடைந்து அழுகிறதா என்று பாருங்கள்.

எல்லோருக்கும்: குறட்டையை விலக்கிவிட்டு மேலே செல்லுங்கள்

குழந்தை குறட்டை விட்டால் "அசந்து தூங்குகிறது" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். சளி பிடித்த நாளில் வரும் குறட்டை பரவாயில்லை. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், சளி இல்லாதபோதும் குறட்டை வந்தால் அது பழக்கத்தால் திருத்தக்கூடிய விஷயம் அல்ல. தொண்டையின் பக்கவாட்டில் உள்ள சதையான டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள சதையான அடினாய்டும் பெருத்து மூச்சுப் பாதையை அடைப்பது இரண்டு முதல் எட்டு வயது வரை அதிகம். குறட்டை நடுவில் நின்று, மார்பு மட்டும் ஏறி இறங்கி, பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புவதைப் பார்த்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாயைத் திறந்தபடி தூங்குவது, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, குளிர்ந்த அறையிலும் தலை வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது எல்லாம் இதோடு சேர்ந்து வரலாம். பெரியவர்களுக்கு இந்தக் கோளாறு இருந்தால் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளில் பலர் அதற்கு நேர்மாறாக ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவார்கள், கவனம் சிதறும், ஆசிரியரிடமிருந்து புகார் வரும். அதனால் இரவோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. கைபேசியில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் சொல்லும் விளக்கத்தைவிட அது பயன்படும். தேவைப்பட்டால் இரவு முழுக்க மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தருவார்.

அறிகுறி: படுத்து ஒரு மணி நேரமாகியும் தூங்கவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான்.

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த இந்த விளக்கம் இன்றைக்கும் தூக்க மருத்துவத்தின் அடித்தளம். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். இது பசி மாதிரி. சாப்பாட்டுக்குச் சற்று முன் நொறுக்குத்தீனி கொடுத்தால் பசி அடங்குவதுபோல, சாயங்காலம் ஐந்து மணிக்குப் போடும் குட்டித் தூக்கம் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். மற்றது உடல் கடிகாரம். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அது திருத்தி வைக்கப்படுகிறது. இருட்டிய பிறகு மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கி, இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் தூக்கம் பிடிக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் கடிகாரம் விழிப்பை உச்சத்தில் வைத்திருக்கும். ஆக, தினமும் பத்து மணிக்குத் தூங்கிப் பழகிய குழந்தையை எட்டரைக்குப் படுக்கவைத்தால், நாளின் மிகச் சுறுசுறுப்பான வேளையில் இருட்டறையில் அடைத்ததாக ஆகிறது. அது அடம் பிடிப்பதாக நமக்குத் தோன்றும். குழந்தைக்கோ தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

தாளை எடுத்து இந்த வரிசையில் பாருங்கள்.

காலையில் எழும் நேரம் நாளுக்கு நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறுகிறதா? மாறினால் வேறு எதையும் தொடாமல் அதை நிலைப்படுத்துங்கள். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் இன்று ஏழு மணி என்றால் ஏழு மணிதான், விடுமுறை நாளிலும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் திரைச்சீலையை விலக்குங்கள், முடிந்தால் வெளியே அழைத்துப் போங்கள். இந்த ஒரு திருத்தத்திலேயே பல வீடுகளில் சிக்கல் பாதியாகிவிடும்.

பகல் தூக்கம் எப்போது முடிகிறது? ஒன்றரை வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகள் ஒரே பகல் தூக்கத்துக்கு வந்துவிடுவார்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் அதுவும் நின்றுவிடும். நான்கு வயதில் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு இரவு பத்தரை வரை விழித்திருந்தால், மதியத் தூக்கத்தை அரை மணி நேரமாகக் குறைத்து மூன்று மணிக்குள் முடியுங்கள்.

மாலையில் வெளிச்சம் எவ்வளவு? குழந்தையின் கண்மணி பெரிது, லென்ஸ் தெளிவானது, உள்ளே போகும் ஒளி அதிகம். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3–5 வயதுக் குழந்தைகள் பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு 2018இல் வெளியானது. தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளியில் இருந்தபோது மெலடோனின் ஏறத்தாழ 88 விழுக்காடு ஒடுங்கியது. ஒளியை அகற்றி 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலோருக்கு அது சரிவர எழும்பவில்லை. திரையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உச்சியில் எரியும் வெள்ளை விளக்கும் அதே வேலையைச் செய்யும். ஒரு மணி நேரம் முன்பே அதை அணைத்துவிட்டு, மூலையில் மஞ்சள் விளக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். திரைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அடுத்தது என்ன என்று இழுக்கும் காட்சியை நிறுத்துவதே ஒரு சண்டையாகிறது, சண்டை முடிந்த குழந்தைக்குத் தூக்கம் வராது.

தேநீர், காபி, கோலா, சாக்லேட் உள்ளே போகிறதா? தூக்க அழுத்தத்தை உணர்த்தும் அடினோசின் வேலை செய்யும் இடத்தை காஃபீன் அடைத்துக்கொள்கிறது. வளர்ந்தவர் உடலிலேயே பாதி காஃபீன் வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் புரள்கிறது என்றால் படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள். கேட்க முரணாக இருக்கும், ஆனால் நான் மிகவும் நம்பும் வழி இது. தாளின்படி உண்மையில் கண்ணயர்வது பத்து மணி என்றால், பத்துக்குத்தான் படுக்கவைக்க வேண்டும். காலை எழும் நேரம் மாறக் கூடாது. படுத்து இருபது நிமிடத்துக்குள் தூங்குவது இரண்டு மூன்று இரவு தொடர்ந்தால், பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். அங்கே நிலைத்ததும் இன்னொரு பதினைந்து. இப்படிப் படிப்படியாக எட்டரைக்கு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம். இதில் பெரிய ஆதாயம், படுக்கை என்றால் புரண்டு அழும் இடம் என்ற நினைவு குழந்தைக்கு அழிந்து, படுத்தால் தூங்கிவிடும் இடம் என்று பதிவது.

அறிகுறி: தண்ணீர், பாத்ரூம், இன்னும் ஒரு கதை

விளக்கை அணைத்து ஐந்து நிமிடம். கதவு விரிசலில் ஒரு கண் தெரியும். "தாகமா இருக்கு." தண்ணீர் குடித்து முடித்ததும் "வயிறு வலிக்குது." அதற்குப் பிறகு போர்வை, பொம்மை, நாளைக்கு என்ன கிழமை என்ற கேள்வி.

முதலில் மேலே சொன்னபடி படுக்கும் நேரம் சரியா என்று பாருங்கள். தூக்கமே வராத குழந்தை வேறு என்னதான் செய்யும்? நேரம் சரியாக இருந்தும் தொடர்ந்தால், அனுமதிச் சீட்டு முறையைச் செய்து பார்க்கலாம். மூன்றிலிருந்து பத்து வயதுவரை இதைச் சோதித்திருக்கிறார்கள், பலனும் கிடைத்திருக்கிறது. ஒரு சின்ன அட்டையைக் குழந்தையே வண்ணம் தீட்டட்டும். படுத்த பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதற்கு வேண்டுமானாலும் அதைக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். வந்தால் முணுமுணுக்காமல் கேட்டதைச் செய்துகொடுத்து, அட்டையை வாங்கிவைத்துவிட வேண்டும். அடுத்த முறை வந்தால் பேச்சு இல்லை, கோபமும் இல்லை, கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படுக்கவையுங்கள். சீட்டைப் பயன்படுத்தாத இரவுக்கு மறுநாள் காலை சிறு பரிசு. பல குழந்தைகள் சீட்டைத் தலையணைக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்டே தூங்கிவிடுவார்கள். வெளியே வர ஒரு வழி கையில் இருக்கிறது என்பதே அவர்களுக்கு நிம்மதி.

படுக்கப்போகும் ஒழுங்கு அரை மணி நேரத்துக்குள் முடியட்டும், தினமும் ஒரே வரிசையில். பல் தேய்த்தல், உடை மாற்றுதல், இரண்டு கதை, விளக்கு. வரிசையின் கடைசிப் பகுதி தூங்கும் அறையிலேயே நடக்கட்டும். கதை சொல்லி முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால் வரிசை உடைந்துவிடும்.

அறிகுறி: இரவில் பலமுறை விழித்து, ஆட்டினால்தான் தூங்குகிறது

தோளில் தூங்கிய குழந்தையை மெல்லக் கிடத்துகிறோம். கழுத்துக்கடியில் மாட்டிய கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குகிறோம். ஒரு மணி நேரம் கழித்து அலறல்.

குழந்தையின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தையின் தூக்கச் சுற்று ஒன்று 50–60 நிமிடம்தான், பெரியவர்களுக்கு 90 நிமிட அளவில் வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லா மனிதர்களுமே லேசாக விழிக்கிறோம். எல்லாம் இருந்தபடியே இருந்தால் நினைவில்லாமல் மறுபடி தூங்கிவிடுகிறோம். தோளின் சூட்டில் கண் மூடிய குழந்தை, லேசாக விழிக்கும்போது தோள் இல்லை, ஆட்டம் இல்லை. முழுதாக விழித்துத் தேடுகிறது. ஆக, திருத்த வேண்டியது இரவு இரண்டு மணி விழிப்பை அல்ல, எட்டு மணிக்குத் தூங்கும் விதத்தை. முதல் தூக்கத்தில் எந்த நிலை இருந்ததோ அது விடியும்வரை இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம். அது பாலுக்காக விழிக்கும், விழிக்கத்தான் வேண்டும். ஆறு மாதம் தாண்டி எடை நன்றாக ஏறும் குழந்தைக்கு இரவுப் பால் இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வழிகள் இரண்டு. ஒன்று, தூக்கம் வந்து கண் சொக்கும் ஆனால் விழித்திருக்கும் நிலையில் படுக்கையில் விட்டுவிட்டு, அழுதால் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் உள்ளே சென்று சுருக்கமாகத் தேற்றிவிட்டு வருவது. மற்றது, படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை நாற்காலியைக் கதவை நோக்கி நகர்த்துவது. முதலாவது விரைவில் முடியும். இரண்டாவது மெதுவானது, அழுகையைத் தாங்க முடியாத பெற்றோருக்கு ஏற்றது. பெற்றோரால் இரண்டு வாரம் விடாமல் செய்ய முடிந்த வழி எதுவோ அதுவே நல்ல வழி என்பது என் கருத்து.

இதனால் குழந்தையின் மனம் பாதிக்குமோ என்ற அச்சம் நியாயமானது. ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டு வகை முறைகளையும் கைக்குழந்தைப் பருவத்தில் பின்பற்றிய குடும்பங்களை ஐந்து ஆண்டு கழித்துப் பரிசோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு வயதில் அந்தக் குழந்தைகளின் மனநலத்திலோ பெற்றோருடனான நெருக்கத்திலோ மற்றவர்களிடமிருந்து வேறுபாடு காணப்படவில்லை. பக்கத்திலேயே படுத்து, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கும் குடும்பம் என்றால் மாற்றவே வேண்டியதில்லை. யாருக்கும் தொல்லை இல்லாத ஒன்றை ஏன் திருத்த வேண்டும்?

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் பாதுகாப்பு விதிகளில் விட்டுக்கொடுக்க இடமில்லை. எப்போதும் மல்லாத்திப் படுக்கவையுங்கள். கெட்டியான, சமதளமான விரிப்பு. தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். அசதியில் குழந்தையை மார்பில் போட்டபடி சோபாவில் கண்ணயர்வது மிக ஆபத்தானது.

அறிகுறி: பச்சிளங்குழந்தை பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழிக்கிறது

பிறந்த குழந்தைக்கு உடல் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே உருவாகும். பகலில் வெளிச்சமும் பேச்சுக் குரலும் இருக்கட்டும். இரவில் பாலூட்டுவதும் டைப்பர் மாற்றுவதும் மங்கிய ஒளியில், பேச்சில்லாமல் நடக்கட்டும். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. தாய் தூங்குவதற்கு மற்றவர்கள் முறை போட்டுக்கொள்வதுதான் இந்த மாதங்களின் உண்மையான திருத்தம்.

அறிகுறி: நள்ளிரவில் வீரிட்டு அலறுகிறது

இரண்டு வகை உண்டு, கையாளும் விதம் நேர் எதிர்.

தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து அலறுகிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் உங்களைப் பார்ப்பதில்லை. நெற்றி மயிர் வியர்வையில் ஒட்டியிருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அணைக்கப் போனால் தள்ளிவிடுகிறது. சில நிமிடத்தில் சரிந்து தூங்கிவிடும், காலையில் கேட்டால் எதுவும் தெரியாது. இது இரவு அச்சம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளையின் ஒரு பகுதி மட்டும் விழித்துக்கொள்வதால் வருவது. பார்க்கிற நமக்குத்தான் குலை நடுங்கும், குழந்தைக்கு அதில் துன்பம் பதிவதில்லை. எழுப்பாதீர்கள், உலுக்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும். தூக்கக் குறைவும் காய்ச்சலும் இதைத் தூண்டும் என்பதால், அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கவைப்பதே பல சமயம் மருந்து. தினமும் ஒரே நேரத்தில் வருகிறதென்றால், அதற்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் முன்பு லேசாகத் தட்டி அரைகுறையாக எழுப்பித் திரும்பத் தூங்கவிடுவதை இரண்டு மூன்று வாரம் செய்யலாம்.

விடியற்காலையை ஒட்டி அழுதுகொண்டே எழுந்து, உங்களை இறுகக் கட்டிக்கொண்டு, கண்டதைச் சொல்ல முயன்றால் அது கெட்ட கனவு. கனவுகள் மிகுந்த தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம். இங்கே அணைப்பும் பேச்சும் வேண்டும். "பூதமெல்லாம் ஒன்றும் இல்லை" என்று தள்ளிவிடாமல், "பயந்துட்டியா, நான் இருக்கேன்" என்று தொடங்குங்கள். கட்டிலுக்கடியில் பூதத்தைத் தேடிக் காட்டுவதை நான் சொல்வதில்லை. தேடினால், இருக்கக்கூடிய ஒன்று என்றாகிவிடும்.

கை கால் விறைப்பது, ஒரு பக்கமாக வெட்டிவெட்டி இழுப்பது, ஒரே இரவில் பலமுறை அதேபோல வருவது என்றால் வலிப்பாக இருக்கலாம். வீடியோ எடுத்து உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: நாலரை, ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறது

ஆறு மணி என்றால் அது சிறு குழந்தைகளின் இயல்பு, திருத்தத் தேவையில்லை. ஐந்துக்கு முன் என்றால் மூன்று இடங்களில் பாருங்கள். ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் வருகிறதா? முன்னிரவில் தேவைக்கு மீறிச் சீக்கிரம் படுக்கவைக்கிறோமா? எழுந்ததும் என்ன கிடைக்கிறது? ஐந்து மணிக்கு எழுந்தால் கைபேசி கிடைக்கும் என்றால், அதற்காகவே ஐந்து மணிக்கு எழும். ஆறு வரை இருட்டும் அமைதியும் மட்டும் கிடைக்கட்டும். ஆறானதும் விளக்கைப் போட்டு, மலர்ந்த முகத்தோடு காலை வணக்கம் சொல்லுங்கள்.

அறிகுறி: காலை உதைத்துக்கொண்டே இருக்கிறது, படுக்கையை நனைக்கிறது

படுத்ததும் காலில் ஏதோ ஊர்கிறது, குறுகுறுக்கிறது, உதறினால்தான் சுகம் என்று குழந்தை சொன்னால், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கக்கூடும், அதையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்பு மருந்தைத் தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

ஐந்து வயது வரை படுக்கை நனைவது வளர்ச்சியின் பகுதி. திட்டுவதாலும் வெட்கப்படுத்துவதாலும் நிற்காது. ஆறு மாதமாவது நனையாமல் இருந்த குழந்தை மறுபடி நனைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே தாகமும் சிறுநீரும் கூடியிருந்தால் அன்றே காட்ட வேண்டும், சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

அறிகுறி: பதின்ம வயதுப் பிள்ளை இரவு தூங்குவதில்லை, காலையில் எழுவதில்லை

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை வீடுகளில் காலைப்பொழுது பாழாகிறது! பருவமடையும்போது உடல் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. ஒன்பதரைக்கு வந்த தூக்கம் பதினொன்றுக்குத்தான் வரும். தேவையோ இன்னும் 8–10 மணி நேரம். காலையில் பள்ளி மணி அடித்துவிடுகிறது. நடுவில் நசுங்குவது தூக்கம். இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா 2019இல் சட்டம் இயற்றி, 2022இலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் அந்த நேரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பள்ளி நேரம் நம் கையில் இல்லை. கையில் இருப்பவை சில. வார இறுதியில் மதியம் வரை தூங்கவிடாமல், வார நாளைவிட ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் கூடுதலாக விடுங்கள். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு எழுந்தவருக்கு அன்று இரவு பதினொன்றுக்குத் தூக்கம் எப்படி வரும்? எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் நடை. கைபேசி இரவில் அறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம். இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். உங்கள் கைபேசியும் அதே மேசைக்கு வந்தால்தான் பேச்சு எடுபடும். சோர்வு, ஆர்வமின்மை, தனிமை, மதிப்பெண் சரிவு ஆகியவையும் கூட இருந்தால் தூக்கத்தோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அறிகுறி: குழந்தை சரி, வீடு சரியில்லை

தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் தூக்கம் கெடுகிற வீடுகள் உண்டு. வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் அப்பாவோ அம்மாவோ, அன்று முழுக்கப் பார்க்காத பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாடுவார். அந்த ஏக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் குழந்தைக்கும் அந்த நேரம் வேண்டும். விளையாட்டைத் தடுக்காமல் இடம் மாற்றுங்கள்: இரவுக்குக் கதையும் முதுகு தடவலும், குதித்து விளையாடுவது காலையில். காலையில் இருபது நிமிடம் முன்னதாக எழுந்தால் அது நடக்கும், குழந்தை எழும் நேரமும் நிலைக்கும்.

அம்மா வெளியே வரக் கூடாது என்கிறார், தாத்தா பாவம் என்று தூக்கிக்கொள்கிறார். குழந்தைக்கு இதில் விதி எது என்று தெரியவில்லை, அதனால் தினமும் சோதிக்கிறது. பகலில், யாரும் களைத்திராத நேரத்தில், பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து இரண்டே விதியை ஒத்துக்கொள்ளுங்கள். பத்து விதி போட்டால் ஒன்றும் நிற்காது. வயது வேறான இரண்டு பேர் ஒரே அறையில் என்றால், சின்னதை முதலில் தூங்கவைத்துவிட்டுப் பெரியதற்கு அரை மணி நேரம் வெளியே தனியாகக் கதை. மூத்த பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் பெரிய கௌரவம்.

செய்தும் பலன் இல்லை என்றால்

எத்தனை நாள் செய்தீர்கள் என்று பாருங்கள். மாற்றத்தைத் தொடங்கிய முதல் சில இரவுகளில் அழுகை கூடும். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று குழந்தை இன்னும் உரக்கக் கேட்கிறது. நாலாவது இரவில் மனமிரங்கிப் பழையபடி தூக்கிக்கொண்டால், நாலு இரவு அழுதால் கிடைக்கும் என்றே அது கற்றுக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், இரண்டு வாரம். அதன் பிறகும் அசைவில்லை என்றால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் தவறிவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை.

தூக்கம் வரவைப்பதற்காகச் சளி, அலர்ஜி மருந்துகளைக் கொடுக்க வேண்டாம். சில குழந்தைகளுக்கு அவை எதிர்வினையாகப் பரபரப்பைக் கிளப்பும், அளவு தவறினால் ஆபத்து. மெலடோனின் மாத்திரையும் அப்படித்தான்: மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கம் (ADHD) உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துவதுண்டு. அவர்களும் முதலில் பழக்கங்களைச் சரிசெய்த பிறகே அளவையும் நேரத்தையும் முடிவு செய்வார்கள்.

காய்ச்சல், பயணம், புது வீடு, தம்பி தங்கை பிறப்பு என்று எது வந்தாலும் கட்டிய ஒழுங்கு குலையும். நோயுற்ற குழந்தையிடம் விதி பேசக் கூடாது, கேட்டதைச் செய்து பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். உடம்பு தேறிய முதல் இரவிலேயே பழைய வரிசைக்குத் திரும்பிவிடுங்கள். "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்று விட்டால் அந்த இரண்டு நாளில் புதுப் பழக்கம் வேர்விட்டுவிடும். ஏற்கெனவே தெரிந்த வரிசை என்பதால், இந்த முறை பெரும்பாலும் முதல் தடவையைவிடச் சீக்கிரம் நிலைத்துவிடும்.